அரைக் கட்டை

திரையில் இரண்டு பச்சை அலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகின்றன, முகட்டுக்கு முகடு பொருந்தி, சீப்பின் பற்களைப் போல, எங்கும் மயிரிழை இடறவில்லை, ஆனாலும் காதில் மணலாய் ஏதோ நெருடுகிறது, கோவளம் விடுதியின் நீச்சல்குளத்தைச் சுற்றி நான்கு மணி வெயிலில் நான் போடும் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் தூக்கிய கைகளை மெல்ல இறக்குகிறாள், ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது, பாட்டு இரண்டும் அரைக் கட்டை விலகி நின்று ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன, எப்படி, இரண்டின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரே எண், எட்டு, சுருதியை அளந்து மென்பொருள் ஒட்டிய எண், எண் ஒன்றானால் பாட்டும் பாட்டும் சேரும், அதை நம்பித்தானே ஒரு மாதம் பழகினேன், நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு அடியில் நடக்கும் ஒரு பெண்குரலை நூற்று இருபத்தைந்துக்கு ஏற்றி, ஓடுகிற தாளத்தின்மேல் வைப்பதற்கு.

வேகத்தை ஏற்றினால் சுருதியும் கூடவே ஏறும், ஏறாமல் பூட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு, சிவப்பாக எரியும், அது எரியவில்லை, வியாழக்கிழமை நானே அணைத்தது, என் கணவன் ஷெபின் சோபாவில் படுத்தபடி, பூட்டப் போட்டுக்கிட்டு கண்ணால வாசிக்கிறதுக்குப் பேரு டிஜேயா, போடி, என்று சிரித்தான், ரோஷத்தில் அணைத்தேன், பிறகு சண்டை, பிறகு சாப்பாடு, திரும்பப் போட மறந்தேன், ஆறு வருடம் அவன் பக்கத்தில் நின்று அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்தவள், இன்றுதான் முதல்முறை தனியாக, இது அமைந்தால் இந்த விடுதியின் ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை, ஷெபின் மனைவியுடையவை அல்ல, பின்னால் துணைக்கு நிற்கும் அவன் கை என் தோளைத் தாண்டி அந்தப் பொத்தானுக்கு நீள்கிறது, விடு, நான் பாத்துக்கறேன், என்கிறான், தட்டிவிடுகிறேன், பெண்குரலை இறக்கிவிட்டு வெறும் தாளத்தை ஓடவிடுகிறேன், அவ்வளவுதான், ஒரு மாதம் போயிற்று.

முடிந்ததும் மேலாளர் தங்கதுரை வந்தார், நடுவுல மெஷின் ஏதோ மக்கர் பண்ணுச்சா மேடம், நான் வாயைத் திறப்பதற்குள் ஷெபின், ஆமா சார், வெயில்ல சூடாயிடுச்சு, என்றான், அப்ப சரி, அடுத்த ஞாயிறும் வந்துருங்க, என்று அவர் அவன் கையைக் குலுக்கினார், காரில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்ன, உனக்காகத்தான்டி, அது என் தப்பு, யாருக்கும் கேக்கலையே, உனக்குக் கேட்டுச்சுல்ல, என்றேன், திங்கட்கிழமை தங்கதுரையை நானே அழைத்தேன், மெஷின் இல்ல சார், நான்தான் விட்டுட்டேன், அவர் சிரித்தார், நல்லா ஜோக்கடிக்கிறீங்க மேடம், டைமெல்லாம் சொல்லணும், சார் இருந்தா குடுங்களேன்.

கொடுத்தேன். அவன் அடுத்த அறையில் பேசிக்கொண்டிருக்கிறான், நான் பொத்தானைப் போடாமல் அதே இரண்டு பாட்டையும் ஓடவிடுகிறேன், இதை மெதுவாக்கிப் பார்த்தேன், அதை முடுக்கிப் பார்த்தேன், நூற்று இருபதில் இரண்டையும் சந்திக்கவிட்டேன், எந்த வேகத்தில் சேர்ந்தாலும் அந்த அரைக் கட்டை அப்படியே நிற்கிறது, போன வருடமும் நின்றதா, கல்யாணத்தன்றும் நின்றதா, ஷெபின் வாசலில் வந்து, அதப் போட்டுத் தொலையேன், காது வலிக்குது, என்கிறான், நான் திரும்பவில்லை, திரையில் இரண்டு பச்சை அலைகள் முகட்டுக்கு முகடு பொருந்தி ஓடுகின்றன, வலிக்கட்டும், கடைசிவரை கேட்கிறேன்.