பொழுது சாய்ந்த பிறகு ஒரு மடக்கு

கிரிவலக் கூட்டம் என்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சுதர்சனாவும் மாமியார் சந்தனாவும் நடந்து ஸ்கேன் சென்டருக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துவிட்டு வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்த சுதர்சனாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தாள்.

"மூத்திரப்பை நெறைஞ்சாதான் சினைப்பை தெளிவா தெரியும். மறுபடி தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க" என்றாள் நர்ஸ்.

அவர்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. சந்தனா ஒருநாளும் அதை மீறியதில்லை. ஆனால் சினைப்பையில் கட்டி என்று கேட்ட நாளிலிருந்து சுதர்சனாவுக்குப் புற்றுநோயைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

"நாளைக்கு வரலாம் அத்தை."

"இந்தப் பயத்தோட இன்னும் ஒரு ராத்திரி கெடக்கப்போறியா?" சந்தனா பாட்டிலைத் திறந்து முதல் மடக்கைத் தானே குடித்தாள். "பாவம்னா ரெண்டு பேருக்கும்தான். குடி."

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். குளிர்ந்த கருவி அடிவயிற்றில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது. சுதர்சனா கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சாதாரண நீர்க்கட்டிங்க. உள்ள சதை எதுவும் இல்ல, கேன்சர் மாதிரி தெரியல. பெரும்பாலும் தானா கரைஞ்சிடும். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

வெளியே வந்து அத்தையிடம் சொன்னாள். சந்தனா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகம் அப்படியேதான் இருந்தது.

"தொண்டை வத்திப்போச்சு" என்றாள். "அந்த பாட்டில்ல மிச்சம் இருக்கா?"