ஈரமான கடைசி வரிசை

ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, டார்கில் ஏரி மாநிலப் பூங்காவின் காலை எட்டு மணி மூச்சு வகுப்புக்கு உயிரோடிருப்பவர்கள் ஆறு பேரும், அந்த ஏரியில் மூழ்கிச் செத்தவர்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். செத்தவர்கள் நீச்சல் கரைப் பக்கமாகத் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, பாய் விரித்திருந்தவர்களுக்குப் பின்னால் மணலில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அறுபத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போய், பனிப்பாளம் உடைந்து உள்ளே போன எல்வுட் கிரிம், கம்பளிக் குல்லாயோடும் முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸோடும் வந்திருந்தார். கையில் குட்டைத் தூண்டில். பெர்ல் டாட்சன் என்ற அம்மாள் பூப்போட்ட ரப்பர் நீச்சல் தொப்பியைக் கழற்றவில்லை. ஒரே படகிலிருந்து விழுந்த ஹானிமன் சகோதரர்கள் இருவரும் சண்டை இன்னும் தீராதவர்கள்போல ஆறடி தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். வகுப்பு எடுத்த மேவிஸ் ப்ரண்டேஜ் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள். பூங்கா ஊழியர்கள் ஆள் கணக்குக்கென்று கையில் வைத்திருக்கும் சின்ன உலோகக் கருவியைக் கட்டைவிரலால் பதினான்கு முறை அமுக்கிவிட்டு, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள் என்று ஆரம்பித்தாள். அவள் சுபாவம் அப்படி.

தப்பு அவளுடையதுதான். அந்தப் பூங்காவில் கோடை முழுக்க, மே கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் திங்கள்வரை, வெள்ளிக்கிழமை செடிகொடி, பறவை, சனிக்கிழமை ஏரியின் வரலாறு, ஞாயிற்றுக்கிழமை மூச்சு. மூன்றையும் மேவிஸ் ஒருத்தியே இருபது வருஷமாக நடத்திவந்தாள். ஒரு நிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்தை அடுத்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் கலைய விடக்கூடாது என்பது இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித் தரப்படும் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சனிக்கிழமை நடையில் அவள் அணைமேல் கூட்டத்தை அழைத்துப்போய், அணை கட்டியதில் தண்ணீருக்கடியில் போன பெல்ஃபோர் கிராமம் இருந்த இடத்தைக் காட்டி, அதன் மாவு ஆலை, தேவாலயம், நாற்பது வீடுகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் அணை கட்டிய நாளிலிருந்து ஏரியில் மூழ்கியவர்களின் பெயர்ப் பட்டியலைப் படிப்பாள். அஞ்சலி என்று பெயர். உண்மையில், குடித்துவிட்டு நீந்தாதீர்கள் என்ற எச்சரிக்கை. அந்தச் சனிக்கிழமை கூட்டம் பாதியிலேயே ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நழுவிவிட்டது. முகத்தில் அடித்த காற்றுக்கு முதுகைக் காட்டி அவள் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்று எட்டுப் பெயர்களையும் படித்து, மூச்சுவிடாமல், "எல்லாரும் நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க, நீச்சல் கரையில மூச்சுப் பயிற்சி, இலவசம்தான், முன் அனுபவம் ஒண்ணும் வேண்டாம்" என்று முடித்தாள். பெயர் சொல்லி அழைத்தால் யார்தான் வராமல் இருப்பார்கள்? அதிலும் அவர்களை யாரும் எதற்கும் அழைத்துப் பல பத்து வருஷங்கள் ஆகியிருந்தன.

பூங்கா மேலாளர் டெல்மர் ஸ்டிட் எதற்கும் பதறாத மனிதர். பத்துப் பேருக்குக் குறைவாக வரும் நிகழ்ச்சிகளை அடுத்த வருஷம் நிறுத்திவிடுவோம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து அப்போதுதான் கடிதம் வந்திருந்தது. அவர் மேவிஸின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலுல எத்தனை பேர் ஈரம்?"

"எட்டு."

"படிவத்துல பெரியவங்க, குழந்தைங்கன்னு ரெண்டே கட்டம்தான் இருக்கு மேவிஸ். ஈரமானவங்க எல்லாம் பதினெட்டு தாண்டினவங்களா?"

"தாண்டினவங்கதான் சார்."

"அப்ப பெரியவங்க கட்டத்துல போட்டுடுங்க."

முகாம் மைதானத்தின் பன்னிரண்டாம் எண் இடத்தில் கோடை முழுக்க வண்டிவீட்டை நிறுத்தி வைத்திருக்கும் ஈனிட் ஷூமேக்கருக்கு மட்டும் கொஞ்சம் குறை. பின்னால் உட்காருகிற ஆள் சொட்டுகிறார், என் முதுகு நனைகிறது என்றாள். மேவிஸ் அவள் பாயை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

மூழ்கியவர்களுக்குச் சொந்தமாக மூச்சு கிடையாது. அதனால் ஆசிரியை சொன்னால் இழுப்பார்கள், சொன்னால் விடுவார்கள், சொல்லாவிட்டால் அப்படியே இருப்பார்கள். இருபது வருஷ வேலையில் இவ்வளவு ஒழுங்கான மாணவர்களை மேவிஸ் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவை விடும்போதும் அவர்கள் வாயிலிருந்து காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது, பழுப்பாக, பாசி வாடையோடு, வாரத்துக்கு ஒரு டம்ளர் அளவு. உள்ளே இருந்த தண்ணீர் முழுக்கத் தீர்ந்ததும் அந்த ஆள் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார். பிறகு எழுந்து, ஏரிக்குத் திரும்பாமல், மேட்டில் ஏறி, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, நெடுஞ்சாலைப் பக்கம் போய்விடுவார். மறுபடி வரமாட்டார். ஆகஸ்டில் முதலில் காலியானவர் எல்வுட் கிரிம். "அன்னிக்கு ஒரு மீன்கூட மாட்டல" என்று அறுபது வருஷ எரிச்சலோடு சொல்லிவிட்டு, தூண்டிலை மணலில் குத்தி வைத்துவிட்டுப் போனார். பெர்ல் டாட்சன் தன்னுடைய பச்சைக் கார் எங்கே என்று டெல்மரைக் கேட்டாள். அதை உங்க வீட்டுக்காரர் எழுபத்தோராம் வருஷமே எடுத்துட்டுப் போயிட்டாரும்மா என்று அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பணிவாகச் சொன்னார். "அவர் காத்திருக்க மாட்டார்னு தெரியும்" என்றாள் பெர்ல், நடந்தே கிளம்பினாள். ஏரி மட்டம் லேசாக இறங்கியதை அணைக்காரர்கள் வெயில் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள்.

இவ்வளவையும் மேவிஸ் தாங்கிக்கொண்டது வேறொருவனுக்காக. டார்கில் ஏரியில் மூழ்கியவர்கள் எட்டுப் பேர் இல்லை, ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் அவளுடைய அண்ணன் கோர்டி. தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஜூலையில் மூழ்கினான், வயது பத்தொன்பது. பதினோரு நாள் படகு போட்டுத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவள் இந்தப் பூங்காவிலேயே வேலைக்குச் சேர்ந்ததைத் தங்கைப் பாசம் என்று ஊரே மெச்சியது. அவளும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் பெயரை மட்டும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பட்டியலுக்கு ஒரு முறை உண்டு: பெயர், வருஷம், எப்படி. அந்த "எப்படி"யை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஞாயிறுதோறும் கடைசி வரிசையைத்தான் முதலில் பார்ப்பாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், அவன் இல்லை என்று தெரிந்தபிறகுதான் கருவியை அமுக்க ஆரம்பிப்பாள். அழைக்காதவன் எப்படி வருவான் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. குளிர்காலம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏரி உறைந்து பாளம் பாளமாக முனகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அடுத்த கோடையில் மிச்சமிருந்த மூன்று பேரும் தவறாமல் வந்தார்கள். ஜூலை முதல் சனிக்கிழமை அணைமேல் இருபத்து மூன்று பேர் நின்றார்கள். மேவிஸ் எட்டுப் பெயரையும் படித்து, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மனப்பாடமாகச் சொன்னாள்.

"கோர்டன் ப்ரண்டேஜ். தொண்ணூத்தஞ்சு. நீச்சல் எல்லைக்குக் கட்டின மிதவைக் கயிறு வரைக்கும் போய்த் தொட்டுட்டு வர உன்னால முடியாதுடான்னு தங்கச்சி சொன்னா. போடா பயந்தாங்கொள்ளின்னு கூடச் சொன்னா. அதான் போனான். அவனாவே போனான்னு எல்லார்கிட்டயும் சொன்னதும் அவதான். அந்தத் தங்கச்சி நான்."

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு சின்னப் பெண் இந்த ஏரியில் பாம்பு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கும்மா, கடிச்சாலும் விஷம் இல்லாதது என்று மேவிஸ் பதில் சொன்னாள். பிறகு ஏரிப் பக்கம் திரும்பி, நாளைக் காலை எட்டு மணி என்று அறிவித்தாள்.

கோர்டி வந்தான். தொடை வரை வெட்டிவிட்ட ஜீன்ஸ், நெற்றியில் ஒட்டிய முடி, அதே பத்தொன்பது வயது. ஈனிட்டுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மேவிஸ் மூச்சை இழுங்கள் என்றாள், எல்லாரும் இழுத்தார்கள். அதற்கப்புறம் சொல்ல வேண்டிய "விடுங்கள்" என்பதை அவள் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஒரு டம்ளர் போகும். பத்து ஞாயிற்றுக்கிழமை சொன்னால் அண்ணனே போய்விடுவான். இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தவளுக்குப் பத்து வாரம் போதுமா? "அப்படியே வச்சிருங்க" என்றாள். வைத்திருந்தார்கள். உயிரோடிருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் திருட்டுத்தனமாக விட்டுக்கொண்டார்கள். மூழ்கியவர்கள் ஒரு மணி நேரமும் வைத்திருந்துவிட்டு, அப்படியே ஏரிக்குள் இறங்கிப் போனார்கள்.

இப்படியே ஜூலை முழுக்கப் போனது. மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டு மேவிஸ் பேச ஆரம்பித்துவிடுவாள். முதலில் பறவைகளைப் பற்றி. பிறகு அம்மா செத்தது, வீட்டை விற்றது, அவனுடைய நாய் மூன்று வருஷம் கரையிலேயே படுத்துக் கிடந்தது. இதுவும் மன அமைதிக்கான பயிற்சிதான் என்று நினைத்து வகுப்பு கண்ணை மூடிக் கேட்டது. கோர்டியும் கேட்டான். தண்ணீர் நிறைந்த வாயால் பதில் சொல்ல முடியாது. வாராவாரம் இழுத்து மட்டும் வைத்ததில் அவன் மார்பு மேளம் மாதிரி விறைத்துவிட்டது, தோல் கண்ணாடியாகி, உள்ளே பழுப்புத் தண்ணீர் அலையடிப்பது வெளியே தெரிந்தது, நகங்கள் நீலமாகின. ஆனால் அவன் கோபப்படவில்லை. சின்ன வயதில் குளியல் தொட்டியில் தலையை முக்கி யார் அதிக நேரம் தாங்குவது என்று பந்தயம் வைக்கும்போது, இவள் முதலில் எழுந்துவிடுவாள் என்று தெரிந்தே பார்ப்பானே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளைக் கொன்றது.

ஐந்தாம் ஞாயிற்றுக்கிழமை ஈனிட் கண்ணைத் திறந்தாள்.

"ஏம்மா மேவிஸ், நாலு வாரமா இழுக்கத்தான் சொல்ற. எப்ப விடச் சொல்லுவ?"

"இன்னும் கொஞ்ச நேரம்."

"பின்னாடி இருக்கிறது உன் அண்ணன்தான? மூக்கே சொல்லுது. அந்தப் பையனைத் திரும்பிப் பார்க்கவே என்னால முடியல. என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில மெஷின்ல போட்டு ஒன்பது நாள் வச்சிருந்தேன். அவருக்காக வச்சிருக்கேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்." அவள் கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். "எனக்கு மூட்டு வலிக்குது. ஏதாவது ஒண்ணு சொல்லு."

மேவிஸ் தங்கையாக இருந்தது போதும் என்று நினைத்தாளா, ஆசிரியை என்பது ஞாபகம் வந்ததா, யாருக்கும் தெரியாது. "விடுங்க" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். கடைசி வரிசைக்குக் கேட்டது. ஒரு மாதமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நான்கு பேர் வாயிலிருந்தும் தண்ணீர் கொட்டி, மணலை அரித்துக்கொண்டு ஓடியது, பாய்கள் மிதந்தன, ஈனிட்டின் செருப்பில் ஒன்று ஏரிக்கே போய்விட்டது. கடைசிச் சொட்டும் போனபின் கோர்டி இருமினான். வாயைத் துடைத்துக்கொண்டு தங்கையை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடி, கிழவியாயிட்ட?"

"நாப்பத்தஞ்சுடா எனக்கு."

"கயிறைத் தொட்டுட்டேன் தெரியுமா. திரும்பி வர்றப்பதான் காலு இழுத்துக்கிச்சு." சிரித்தான். "பந்தயத்துல தோத்துட்ட."

"தோத்துட்டேன்" என்றாள் மேவிஸ். "கோர்டி, நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது."

"நீ சொல்லலன்னாலும் போயிருப்பேன்டி. அன்னிக்கு அவ்வளவு வெக்கையா இருந்துச்சு."

அவன் சொன்னது நிஜமோ, அவளுக்காகச் சொன்னதோ. எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டான். அவள் மேட்டைக் காட்டினாள். மற்ற மூன்று பேரும் முன்னால் ஏறிப் போயிருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் வெறுங்காலுக்குத் தார் சுட்டதால், அவன் வெள்ளைக் கோடுகள்மேல் தாவித் தாவிப் போனான். மேவிஸ் கூடவே போகத் துடித்தாள். ஆனால் வகுப்பில் இன்னும் நாற்பது நிமிஷம் மிச்சமிருந்தது, வந்தவர்களை நடுவில் விட்டுப் போகும் வழக்கம் பூங்காவில் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே, வாய்விட்டு, வெட்கப்படாமல் அழுதாள். பயிற்சி என்று நினைத்து இரண்டு பேர் அவளோடு சேர்ந்து அழுதார்கள். அன்று ஏரி இரண்டு அங்குலம் இறங்கியது. டெல்மர் படிவத்தில் பெரியவர்கள் பதினொன்று என்று எழுதி அனுப்பினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். மேவிஸ் பழக்கம் விடாமல் கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே மணல்தான் இருந்தது, காய்ந்து, ஒரு தடமும் இல்லாமல். கருவியை ஏழு முறை அமுக்கினாள். முதுகை நிமிர்த்தச் சொன்னாள், மூச்சை இழுக்கச் சொன்னாள், தாமதிக்காமல் விடச் சொன்னாள். விட்டார்கள்.