தொட்டில் காட்சி

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வருகிறார்கள். மீதிப் பேர் மழைக்கு ஒதுங்குகிறவர்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நடிகை என் அத்தை. அவள் பிறந்த இந்த வீட்டின் இரண்டு அறைகளில் அவளுடைய புடவை, சீப்பு, செருப்பு எல்லாம் கண்ணாடிக்குள் கிடக்கின்றன. புடவை கட்டி நிற்கும் பொம்மை துணிக்கடையில் கழித்துப்போட்டது. மூக்கு அத்தையுடையது இல்லை. இதுவரை யாரும் கவனித்ததும் இல்லை.

அன்று வந்தவள் கழிப்பறையைக் கேட்கவில்லை. அத்தையின் ஒரே மகள், எனக்கு அண்ணி முறை. பிள்ளை பெற்ற கதாநாயகிக்கு வாய்ப்பு வராது என்று, பேச்சு வருவதற்குள் ஒரு விடுதியில் விட்டு மறைத்து வளர்த்த மகள். அத்தையின் சாவுக்குக்கூடக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டுப் போனவள். இப்போது தலை முழுக்க நரை. மூக்கு மட்டும் அப்படியே அத்தை.

நேராகத் தொட்டில் படத்தின் முன் போய் நின்றாள். ஒரு சினிமாக் காட்சியில் அத்தை தொட்டிலிலிருந்து ஒரு கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம்.

"இது நான்தானே? அம்மாகூட ஒரு படத்துல நடிக்கக் கூட்டிட்டுப் போனாங்கன்னு விடுதி ஆயா சொல்லியிருக்காங்க. அம்மாவும் நானும் சேர்ந்து இருக்கிற போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. இதுல ஒரு காப்பி கிடைச்சா போதும்."

"ஆமா அண்ணி, நீங்கதான். வேற யாரு?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அந்த மகிழ்ச்சியோடு படத்தின் கீழிருந்த பொத்தானை அழுத்திவிட்டாள். விளக்கம் சொல்ல ஆள் வைக்க வக்கில்லாமல், ஒவ்வொரு படத்துக்கும் நானே பேசிப் பதிவு செய்து வைத்த பொத்தான்கள். பாதி வேலை செய்வதில்லை. பாழாய்ப்போன இது மட்டும் கணீரென்று பேசியது.

"இந்தக் காட்சியில் சிரிக்கும் குழந்தை, லைட்மேனின் மகன்."

என் குரலேதான். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற அதே ராகம்.

அண்ணி திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். "அப்ப நான் எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? படப்பிடிப்புக்குக் கூடப் போயிருந்த என் அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"முதல்ல உங்களத்தான் கூட்டிட்டுப் போனாங்க அண்ணி. அத்தை மேக்கப்பும் சவுரியுமா வந்ததும், யாரோன்னு பயந்து வீல்னு கத்தியிருக்கீங்க. கிட்டயே போகல. அதான் அந்தப் பையனத் தூக்கிட்டு வந்தாங்க. அவன் என்ன பண்ணாலும் அழல. அதனால அழுகை மட்டும் உங்களோடத எடுத்துக்கிட்டாங்க."

மூலையில் இருந்த டிவியில் அந்தக் காட்சியைப் போடச் சொன்னாள். போட்டேன். தொட்டிலுக்குள்ளிருந்து அழுகை கேட்கிறது. அத்தை ஓடி வந்து குழந்தையை வாரி எடுக்கிறாள். அழுகை சட்டென்று நிற்கிறது.

"இன்னொரு தரம் போடு."

போட்டேன். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் போட்டேன். இடையில் ஒருவர் எட்டிப் பார்த்துக் கழிப்பறை எங்கே என்றார். என் எரிச்சலையெல்லாம் அவர் தலையில் கொட்டி அனுப்பினேன். போட்டோவுக்குக் காப்பி கேட்ட பேச்சையே அண்ணி எடுக்கவில்லை.

"அம்மா தூக்கினதும் நிறுத்திட்டேன் பாரு," என்றாள் திரையைப் பார்த்தபடி. "நிறுத்திட்டேன்ல?"

அன்று படப்பிடிப்பிலிருந்து வெளியே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திய பிறகும் கைக்குழந்தையாக இருந்த அண்ணி அழுதுகொண்டேதான் இருந்தாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அதற்கு நான் பொத்தான் வைக்கவில்லை.

"ஆமா அண்ணி," என்றேன்.