பழைய டைப் ஆர், புதிய டைப் ஆர்

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் அம்புலன்ஸ் நின்றுவிட்டது. மாலை ஐந்தரை. காலி வீதியில் பஸ்களுக்கு விலக இடமில்லை; சைரன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

உள்ளே கிடந்தவன் மிதுஷன், இருபத்துநான்கு வயது. இரத்மலானையில் வேலை முடிந்த தகப்பன் சிவபாலனை மோட்டார்சைக்கிளில் ஏற்றிவந்தபோது, தெஹிவளையில் ஒரு வான் குறுக்கே திரும்பி இடித்தது. சிவபாலனுக்கு முழங்கையில் உரசல். மகனுக்குத் தலையில் அடி. அதனால் அருகிலுள்ள களுபோவிலை ஆஸ்பத்திரியை விட்டு நேராகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

"கதா கரன்ன அங்கிள். நிந்த யன்ன தென்ன எபா," என்றார் உதவியாளர் சிங்களத்தில். பேச்சுக் கொடுக்கவேண்டும், உறங்க விடக்கூடாது.

"அம்மா பாத்துக்கொண்டிருப்பா, மிது."

இமைகள் மூடின.

"உன்ர புது டைப் ஆருக்கு இருநூறு குதிரைவலுதானே?"

"முந்நூறுக்கு மேல." கண்ணைத் திறக்காமலே சொன்னான். "விசர்க்கதை."

வீட்டில் இருவருக்கும் இடையே நீண்டுபோகும் ஒரே பேச்சு இதுதான். தகப்பன் தொண்ணூற்றேழில் வந்த முதல் சிவிக் டைப் ஆர் காரின் கட்சி. மகன் இப்போது வருவதன் கட்சி. இரண்டிலும் இருவரும் ஏறியதில்லை.

சிவபாலன் வழியைக் கண்டுகொண்டார். பிழையாகச் சொல்லவேண்டும். மகன் பொறுக்கமாட்டான்.

"ரெண்டு தொன் பாரம். எருமை."

"ஆயிரத்து நானூறு கிலோ. உங்கட கார் தகரப்பேணி."

"தகரப்பேணி டர்போ இல்லாமல் எட்டாயிரம் சுத்தும். உன்ர எருமை?"

"ஏழாயிரம். காணும்." மூச்சு வாங்கினான். "அஞ்சரை செக்கனில நூறு. உங்கட கார் அப்ப கியர் மாத்திக்கொண்டு நிக்கும்."

சிவபாலன் சிரித்துவிட்டார். வாகனம் கொஞ்சம் நகர்ந்தது.

"சரி, உன்ர காருக்கு எத்தனை கியர்? நாலோ?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"அஞ்சு."

"ஹொந்தய், கதா கரனவனே," என்றார் உதவியாளர், நன்றாகப் பேசுகிறானே என்ற திருப்தியுடன்.

சிவபாலன் மகனின் முகத்தருகே குனிந்தார். ஐந்து பழைய காருக்கு. புதியதற்கு ஆறு. மகன் ஒருநாளும் இதில் ஓர் எண்ணைக்கூடப் பிழைவிட்டதில்லை.

"நே மல்லி. உத்தரே வெரதியி," என்றார் உதவியாளரிடம். இல்லைத் தம்பி, பதில் பிழை.

உதவியாளர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு டோர்ச் அடித்து மிதுஷனின் கண்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகியிருந்தது. சாரதிக்குக் கேட்க முன்தடுப்பில் ஓங்கித் தட்டினார். வாகனம் பின்வாங்கி, நடைபாதைமேல் ஒரு பக்கச் சில்லுகளை ஏற்றிக்கொண்டு பாய்ந்தது.

"ஆறு, மிது. உன்ர காருக்கு ஆறு. அதுதான் திறம், நான் ஒத்துக்கொள்ளுறன். ஏதாவது சொல்லு."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் மகனின் விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார்.

"ஆறையும் எண்ணிக் காட்டு."

ஓர் அழுத்தம். இன்னொன்று. மூன்று. நான்காவது மிக மெல்ல. ஐந்தாவது, விரலோ வாகனத்தின் குலுக்கலோ, அவருக்குத் தெரியவில்லை.

"இன்னும் ஒண்டு கிடக்கு, ராசா," என்றார். "இன்னும் ஒண்டு."