மாரீஸ்வரன் போட்ட திருத்தம்

அபிராமத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கரில் முண்டு மிளகாய் போட்டிருந்த மாரீஸ்வரன், ‘காரச்செடி’ என்ற இணையதளத்துக்குள் முதன்முதலில் நுழைந்ததே சண்டை போடத்தான். களை எடுப்பதைப் பற்றி அதில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கிணற்றுப் பாசனக்காரருக்கு அது சரி. மழையை நம்பி விதைக்கிறவனுக்கு ஒத்தே வராது. செல்போனில் தட்டி எழுதிப் பழக்கமில்லாததால் பேசியே எழுதவைத்தான்: “ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு எழுதாதீங்க. எங்க காட்டுக்கு வந்து பாருங்க.”

அதை எப்படியும் தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தான். மறுநாள் பார்த்தால் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தது: ‘மானாவாரிக்கு இது பொருந்தாது என்கிறார் அபிராமம் மாரீஸ்வரன். அவர் சொல்வதுதான் சரி. தவறு என்னுடையது. – ஜுவைரியா.’

அதை மனைவி ஜெயசுதாவிடம் மூன்று தடவை காட்டினான்.

ஜுவைரியா தொண்டிக்காரி. வேளாண்மை படித்து, மதுரையில் ஒரு விதைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் தோஹாவுக்குப் போய்விட, வீட்டிலிருந்தபடியே இந்தத் தளத்தைத் தொடங்கினாள். வாரம் ஒரு கட்டுரை. ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் ‘வரப்பு’ என்று ஒரு பகுதி. கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் விவசாயம் செய்யும் சம்சாரிகள் அங்கே நின்று பேசிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: சொந்தப் பெயரும் ஊரும் போட வேண்டும். அந்த ஆண்டு நாலாயிரம் பேர் அதில் இருந்தார்கள். மாரீஸ்வரனும் தினமும் காலையில் டீ குடிக்கும்போது வரப்பைப் பார்க்கிறவன் ஆகிப்போனான்.

தை மாதம் இலைப்பேன் விழுந்தது. அபிராமத்தில் நாகேந்திரன் கடையில் மருந்து வாங்கி இரண்டு முறை அடித்தான். இலை சுருண்டது சுருண்டபடியே கிடந்தது. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. வயிறு எரிய, கடையையும் மருந்து டப்பாவையும் படமெடுத்து வரப்பில் போட்டான்: ‘நாகேந்திரன் போலி மருந்து விற்கிறார். ஒருத்தரும் வாங்காதீர்கள்.’

சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் எழுதிவிட்டார்கள். கடையை இழுத்துப் பூட்டுவோம் என்றார் ஒருவர். இன்னொருவர் நாகேந்திரன் வீட்டுக்கு வழியே சொல்லிவிட்டார்.

விடிந்து பார்த்தபோது பதிவு இருந்த இடத்தில் ஒரு வரிதான் இருந்தது: ‘இது அழிக்கப்படவில்லை. விசாரிக்கும் வரை நிறுத்திவைத்திருக்கிறேன்.’

“கடைக்காரன் ஆளைப் பிடிச்சுட்டான் பாரு” என்று மாரீஸ்வரன் கத்திக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

“அண்ணே, தொண்டியில இருந்து ஜுவைரியா பேசுறேன்.”

“என்னத்துக்கும்மா என் பதிவைத் தூக்குன? என் காடு கருகிக் கிடக்கு. நான் பொய்யா சொல்றேன்?”

“காடு கருகுனது பொய்யின்னு நான் சொல்லலண்ணே. மருந்து போலிங்கிறது நமக்கு இன்னும் தெரியாது. உங்க டப்பாவுல ஒரு பேட்ச் நம்பர் இருக்கும். அதைப் படிச்சுச் சொல்றீகளா?”

எரிச்சலோடுதான் படித்துச் சொன்னான்.

“போலியா இருந்தா நானே கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் குடுப்பேன். இல்லேன்னா அந்த மனுசன் தலையை நம்ம எப்படிண்ணே நிமித்த முடியும்?”

மாரீஸ்வரன் போனை வைத்துவிட்டான்.

அன்றைக்கே வரப்பில் அவள் ஒரு கேள்விப் பட்டியல் போட்டாள். இந்த மருந்தை யார் யார் அடித்தீர்கள், எந்த ஊர், பேட்ச் நம்பர் என்ன, எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள், பயிர் எப்படி இருக்கிறது? பதில் போட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி, அனுப்பிய டப்பா படம் தெளிவாக இல்லாதவர்களுக்குத் தானே போன் செய்து, நாலு நாளில் அறுபத்தொரு பேரிடம் பதில் வாங்கிவிட்டாள். அத்தனையையும் எல்லாரும் பார்க்கும்படி வைத்தாள். மாரீஸ்வரனிடம் இருந்த அதே பேட்ச் மருந்து கமுதிப் பக்கம் பதினொரு பேருக்கு நன்றாகக் கேட்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்தது முதுகுளத்தூர்ப் பக்கத்து மீனம்மாள் என்ற சம்சாரி. அவள் எழுதியிருந்தாள்: ‘மருந்து நல்லாக் கேட்டவுக எல்லாம் ஊருணித் தண்ணியில கலந்திருக்காக. கேக்காதவுக முக்காவாசிப் பேரு போர் தண்ணி. யாரும் கவனிக்கலையா?’

மாரீஸ்வரன் அப்போதுதான் யோசித்தான். வழக்கமாக அவன் ஊருணியிலிருந்துதான் குடத்தில் கொண்டுவருவான். இந்த வருசம் பக்கத்துக் காட்டில் புதிதாகப் போர் போட்டிருந்தார்கள். கிட்டத்தில் இருக்கிறதே என்று அதில் பிடித்தான். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர்.

ஜுவைரியா மறுபடி கூப்பிட்டாள். அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னாள். அதே டப்பாவில் மிச்சமிருக்கும் மருந்தை ஊருணித் தண்ணீரில் கலந்து இரண்டு வரிசைக்கு மட்டும் அடிக்கச் சொன்னாள். “நான் சொல்றதை நம்பாதீக. உங்க செடி சொல்லட்டும்” என்றாள்.

தண்ணீரில் உப்பும் காரத்தன்மையும் மிக அதிகம், அதில் கலந்தால் மருந்தின் வீரியம் போய்விடும் என்று முடிவு வந்தது. அது வருவதற்கு முன்பே அந்த இரண்டு வரிசையிலும் சுருளாத கொழுந்து எட்டிப் பார்த்திருந்தது. மாரீஸ்வரன் வரப்பு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சந்தோசப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

“என்ன செய்யப் போறீக?” என்றாள் ஜெயசுதா.

“எழுதணும். எழுதுறதுக்கு முன்னாடி போகணும்.”

நாகேந்திரன் கடையில் ஆள் நடமாட்டம் இல்லை. மாரீஸ்வரனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

“அண்ணே, நில்லுங்க. தப்பு என் மேல. உங்க மருந்து நல்ல மருந்துதான். நான்தான் தண்ணியைப் பாக்காம உங்களைக் கெடுத்துட்டேன்.”

நாகேந்திரன் உள்வாசலிலேயே நின்றுவிட்டார். “என் மகளைப் பள்ளிக்கூடத்துல கேட்டுருக்காகப்பா, ‘உங்க அய்யா போலி மருந்து விக்கிறவராமே’ன்னு” என்றார். “பத்து நாளா நான் சாப்பிட உக்காந்தா அவ எந்திரிச்சுப் போயிர்றா.”

மாரீஸ்வரன் கடைப் பலகையில் உட்கார்ந்து, நாகேந்திரன் கேட்கும்படியாகவே, செல்போனில் பேசி எழுதவைத்தான். தன் பெயர், ஊர், தான் செய்த தவறு, போர் தண்ணீர், மீனம்மாள் கண்டுபிடித்தது, ஒன்றையும் விடவில்லை. ஜுவைரியா பழைய பதிவைத் திரும்ப வைத்து, அதன் தலையில் இந்தத் திருத்தத்தை ஏற்றினாள். முதல் நாள் கொதித்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகத் தகவல் போனது. அதில் பாதிப்பேராவது வந்து நாகேந்திரனிடம் வருத்தம் சொன்னார்கள். வீட்டுக்கு வழி சொன்னவர் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

மாரீஸ்வரனுக்கு அந்த வருசம் பாதி விளைச்சல்தான் கிடைத்தது. மீனம்மாள் பெயரிலேயே தண்ணீரைப் பற்றிய கட்டுரை வந்தது. அதைத்தான் காரச்செடியில் இன்றைக்கும் அதிகம் பேர் படிக்கிறார்கள்.

பங்குனியில் ஜுவைரியா மறுபடியும் போன் செய்தாள்.

“அண்ணே, அபிராமம் பக்கத்து வரப்பை நீங்க பாத்துக்கிறீகளா? யாராச்சும் கோவத்துல எழுதுனா நிறுத்திவச்சு விசாரிக்கணும்.”

“நானா? எங்கிட்டப் போய்க் குடுக்குறியேம்மா. நான் செஞ்சது தெரியும்ல?”

“அதனாலதாண்ணே கேக்குறேன்” என்றாள் அவள்.