இரண்டு பேருக்குக் குழம்பு

என் அம்மா மாதிரி ஒரு அம்மாவை நான் வேறெங்கும் கண்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அவர்கள் காபித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள், "என் பொண்ணுக்குச் சமைக்கத் தெரியாது" என்று சொல்லிவிடுவாள். வெட்கப்பட்டுக்கொண்டு அல்ல. எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு என்று சொல்வாளே, அதே குரலில். ஒருமுறை வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி சமாளித்துக்கொண்டு, அதனாலென்ன, கற்றுக்கொண்டால் போயிற்று என்றாள். "கத்துக்க விடமாட்டேன்" என்றாள் அம்மா. அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அம்மா ஒரு மாணவர் விடுதியின் மெஸ்ஸில் சமையல்காரி. கல்யாணமாகி வந்த கூட்டுக் குடும்பத்தில் இருபது வாய்க்குப் பொங்கினாள். அப்பா இறந்த பிறகு மெஸ்ஸில் இருநூறு வாய்க்கு. மணி அடித்தால் சோறு தயாராக இருக்க வேண்டும். சமைக்கிறவளுக்குக் காய்ச்சலா, கை சுட்டுக்கொண்டாளா என்பதெல்லாம் மணிக்குத் தெரியாது. அதனால் அவளுக்கு ஒரே சபதம், தன் பெண் கரண்டியைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் மெஸ்ஸின் சாமான் அறையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படிப்பேன். சமையல்கட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவு. தாண்டினால் முதுகில் ஒன்று விழும். எங்கள் வீட்டு அடுப்பு வெந்நீருக்கும் காபிக்கும் மட்டும்தான். சாப்பாடு மெஸ்ஸிலிருந்து தூக்குச்சட்டியில் வரும்.

அப்படி வளர்ந்தவள் கடல் தாண்டி வேலைக்கு வந்தேன். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தங்குவதற்கு ஓர் அறை, ஒரு நாற்காலி, பாதிக்கு மேல் திறக்காத ஒரு ஜன்னல். மூலையில் இரண்டு வட்டம் போட்ட மின்சார அடுப்பு. அதன் மேல் கைப்பையை வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி, நடுவில் மனம் மாறினால் வாழைப்பழம். நாக்கு செத்துப் போயிற்று. ஒருநாள் வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது, எந்த வீட்டிலிருந்தோ வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. படியிலேயே நின்றுவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரில் யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ என் அம்மா கையால் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள், எனக்கு மட்டும் இந்த ரொட்டியா?

போனில் அம்மாவிடம் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டேன். "வாங்கிச் சாப்பிடு. அதுக்குத்தானே சம்பாதிக்கிற?" என்று பேச்சை வெட்டிவிட்டாள். இன்னொரு நாள் சுற்றி வளைத்துப் போனேன். மெஸ்ஸில் பருப்புக் குழம்புக்கு எவ்வளவு சாமான் பிடிக்கும் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். தொழிலைப் பற்றிக் கேட்டால் அம்மாவுக்கு வாய் நிற்காது. பருப்பு இத்தனை கிலோ, புளி இத்தனை, உப்பு இத்தனை, தண்ணீர் எத்தனை குடம் என்று மளமளவென்று ஒப்பித்தாள். அத்தனையையும் இருநூறால் வகுத்தேன்.

கணக்கில் நான் கோட்டை விடுகிறவள் அல்ல. ஒரு சொட்டில் பாதியை அளந்து சம்பளம் வாங்குகிற கை இது. பருப்பையும் புளியையும் கிராம் சுத்தமாக நிறுத்துப் போட்டேன். முக்கால் மணி நேரம் கொதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நேரத்தை வகுக்க முடியாதே என்று முக்கால் மணி நேரமே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். அண்டாவில் குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் அவ்வளவு நேரம் தாங்கும். என் சட்டியில் ஊற்றிய அரைத் தம்ளர் என்ன செய்யும்? திரும்பி வந்தபோது குழம்பைக் காணோம். அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்த புகை மணி அலறியது. ஈரத் தலையோடு நாற்காலி மேல் ஏறி, அதை நோக்கித் துண்டை விசிறிக்கொண்டு நான் நின்ற கோலத்தை யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ரோஷம் வந்தது. சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் போகட்டும். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தனை வருஷம் கேட்டிருக்கிறேனே! கண் பார்க்காததைக் காது கேட்டு வைத்திருந்தது. கடுகு படபடத்து ஓயும், அது ஓய்ந்த மறுநொடி வெங்காயம் விழும். வெங்காயம் ஈரம் உள்ளவரை இரைச்சல் போடும், வதங்கினால் அடங்கிவிடும். பருப்புக் கரைந்த பிறகு கொதிக்கும் சத்தமே கனத்துவிடும். அடுப்பின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டுக் கேட்டுச் சமைத்தேன். உப்பு மட்டும் காதில் விழாது. அதற்கு நாக்கை நம்பினேன், நாக்கு என்னைப் பல நாள் கைவிட்டது. கரித்ததையும் தின்றேன், சப்பென்று இருந்ததையும் தின்றேன், ஒன்றையும் கொட்டவில்லை. ஒரு சனிக்கிழமை, குழம்பு குழம்பாக வந்தது. சோற்றைச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்து நின்றபடி தின்றேன். பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அப்படிப் பூரித்துப் போனதில்லை.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. விடுதிக்கு நீண்ட விடுமுறை விட்டபோது அவளை டிக்கெட் எடுத்து வரவழைத்தேன். என் கையால் அவளுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டும், நன்றாக இருக்கிறது என்று அவள் வாயால் கேட்க வேண்டும். வேறு ஆசை இல்லை. அது அவள் சபதத்தில் கை வைக்கிற ஆசை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

வந்தவள் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், புளி, கடுகு. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கடுகு பாதி தீர்ந்திருந்தது.

"யாரு சமைக்கிறா?"

"நான்தாம்மா."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? நான் அடுப்புல வெந்தது போதாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். தான் இங்கே இருக்கிறவரை நான் அடுப்புப் பக்கம் வரக்கூடாது, சமையல் தன் பொறுப்பு என்றாள். பிடிவாதத்தில் நானும் அவள் பெண்தானே; வாயளவில் மட்டும் சரி என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். அந்தக் குளிரிலும் ஜன்னல் திறந்திருந்தது. அம்மா அடுப்புக்கு முதுகைக் கொடுத்து, எதையோ மறைத்துக்கொண்டு நின்றாள். எட்டிப் பார்த்தேன். விளிம்பு தொடக் குழம்பு. விரலால் தொட்டு வாயில் வைத்தேன், உப்பு மண்டைக்கு ஏறியது. குப்பைக் கூடையில் அதற்கு முந்தைய குழம்பின் பருப்பு கிடந்தது.

அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கை கேக்க மாட்டேங்குதுடி. அள்ளினா அண்டாவுக்கு அள்ளுது. பயந்து போட்டா சப்புன்னு இருக்கு. இவ்வளவு கொஞ்சமா நான் வெச்சதே இல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கே பொங்கிப் போட்ட என் அம்மா, தனக்கென்று ஒருநாளும் ஒரு கைப்பிடி பருப்பு அளந்து போட்டதில்லை. கடைசிப் பந்தி எழுந்த பிறகு அண்டாவின் அடியில் கிடப்பதுதான் அவள் சாப்பாடு, அதுவும் ஆறிப்போய். என் மேல் காட்டிய கோபமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

"தள்ளிக்கம்மா" என்றேன். அவள் அசையவில்லை. "உனக்கும் பசி, எனக்கும் பசி. தள்ளிக்க."

தள்ளிக்கொண்டாள். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தேன். சமையல் நடக்கிற இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் நுனியில் உட்கார்ந்தாள்.

ஒரு வட்டத்தில் கைப்பிடி பருப்பை வேகவிட்டேன். இன்னொன்றில் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டேன். கண் தானாக மூடிக்கொண்டது, பழக்கதோஷம். படபடப்பு ஓய்ந்த மறுநொடி வெங்காயத்தைத் தள்ளினேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த ஒரு நொடியைத் தவறவிட்டதற்காக எத்தனையோ உதவியாட்களைத் திட்டித் தீர்த்தவள் அவள்.

"இதை யாரு உனக்குச் சொன்னது?"

"நீதான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு."

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா வடித்து வைத்திருந்த சோற்றைத் தட்டில் போட்டு, ஆவி பறக்கக் குழம்பை ஊற்றிக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் வைத்து மெதுவாக மென்றாள். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். இரண்டாவது வாய். மூன்றாவது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டி, "இன்னும் ஊத்து" என்றாள். எனக்கும் ஊற்றிக்கொண்டபோது கரண்டி சட்டியின் அடியைத் தட்டியது. சொல்லி வைத்த மாதிரி இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.

கையைக் கழுவியதும் போனை எடுத்து, மெஸ்ஸில் தன்னோடு காய் நறுக்குகிற அக்காவைக் கூப்பிட்டாள். போன் இல்லாமலே கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தில்தான் அம்மா போன் பேசுவாள்.

"என் பொண்ணு குழம்பு வெச்சாக்கா. எனக்கு இருநூறு பேருக்குத்தான் தெரியும், அவளுக்கு ரெண்டு பேருக்கு வைக்கத் தெரியுது. மணி அடிச்சு வைக்கல. அவளுக்குப் பசிச்சுது, வெச்சா."

எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு என்று சொல்கிற அதே குரல். பெருமை எனக்கு நெஞ்சில் கொள்ளவில்லை. கண் கலங்கியதைப் பார்த்தால் அதற்கும் திட்டுவாள் என்று, பாத்திரம் தேய்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தில் அக்கா, அப்படியானால் இனிமேல் பெண் பார்க்க வருகிறவர்களிடம் தைரியமாகச் சொல்லலாமே என்று கேட்டிருக்க வேண்டும்.

"அதெப்படி?" என்றாள் அம்மா. "வர்றவங்ககிட்ட தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."