உடன்படுகிறேன்

அவள் இன்னும் சொல்லியே இராத சம்மதம் தட்டச்சாகி மேசைமேல் கிடந்தது. மூத்த நீதிபதியின் தீர்ப்பு வரைவு அது. கடைசிப் பக்கத்தின் அடியில், அவர் கையெழுத்துக்கான இடத்துக்குக் கீழே, வழக்கம்போல அந்த ஒற்றைச் சொல்: 'உடன்படுகிறேன்'. அதற்குக் கீழே அவளுக்கென்று ஒரு கோடு. இளைய நீதிபதி சுருக்கெழுத்தரைக் கூப்பிட்டாள்.

"இதை யார் அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை மேடம். இந்த டேர்ம் பூரா எல்லா தீர்ப்புலயும் அதானே வந்துச்சு. கை பழகிடுச்சு."

கோபிக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை. இருவர் உட்காரும் அமர்வில் மூத்தவர் எழுதுவார், இளையவர் உடன்படுவார். உயர்நீதிமன்றத்துக்கு வந்த முதல் பருவம் முழுக்க அவள் செய்தது அதைத்தான். வாடகை வழக்கு, வரி வழக்கு, பாகப்பிரிவினை எல்லாவற்றிலும் மூத்தவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது என்று தன்னையே தேற்றிக்கொள்வாள். ஆனால் நாலு பேர் கூடும் இடத்தில் யாராவது "உங்க தீர்ப்பு படிச்சேன்" என்றால் முகம் சுருங்கிவிடும். தலையாட்டியதற்கெல்லாமா பாராட்டு?

பருவம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. மிச்சமிருந்தது பள்ளி வேன் வழக்கு. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போக, எதிரே பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நிற்பதைப் பார்த்த ஓட்டுநர் வேனைச் சுவர்மேல் திருப்பினார். சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி இறந்துபோனாள். கீழ்க் கோர்ட் ஓட்டுநருக்கு ஐந்து வருடம் போட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தாயிற்று. முந்தின நாள்தான் பிரேக்கைச் சரிபார்த்ததாக வேன் முதலாளி சொன்னார், அதை நம்பி எடுத்தேன் என்பது ஓட்டுநரின் கட்சி. முதலாளி அப்படிச் சொல்லவே இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

மூத்த நீதிபதிக்கு வக்கீல்கள் வைத்த பட்டப்பெயர் கத்தரி. யாருடைய வாதத்தையும் பாதியில் வெட்டிவிடுவார். இந்த வழக்கிலும் ஒரே வெட்டு: குற்றம் உறுதி, தண்டனை மட்டும் அனுபவித்த காலத்தோடு முடிகிறது, ஆளை உடனே விடலாம்.

அவள் எழுதி வைத்திருந்ததோ முழு விடுதலை. வாரக்கணக்காக அடித்து அடித்துத் திருத்தியது. 'சுவரின் பக்கம் திருப்பிய கைகள் கவனமற்ற கைகள் அல்ல' என்ற வரி வந்த அன்று, சின்னப் பிள்ளைபோல எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தாள். மூத்தவரின் வரைவு வந்த நாள் காலைச் சாப்பாட்டின்போது அதைக் கணவரிடம் வாசித்தும் காட்டியிருந்தாள். அவர் பல் டாக்டர். பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர், அதனால் கேட்கும் கேள்வி சுருக்கமாக இருக்கும்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. அந்த ஆளு வீட்டுக்கு எப்பப் போவாரு?"

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். இரண்டு நீதிபதிகள் மாறுபட்டால் வழக்கு மூன்றாமவரிடம் போகும். விடுமுறை கழியவேண்டும், அமர்வு கிடைக்கவேண்டும். எத்தனை மாதமோ. அதுவரை ஓட்டுநர் உள்ளே.

வரைவை எடுத்துக்கொண்டு மூத்தவர் அறைக்கே போனாள். "சார், நான் மாறுபடுறேன். மூணாவது ஜட்ஜ் முடிவு சொல்ற வரைக்கும் அவருக்கு ஜாமீனாவது கொடுக்கலாமே?"

"குழந்தை செத்த கேஸும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். குரலில் கடுமை இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "குற்றவாளின்னு நான் எழுதின ஆளுக்கு நானே எப்படி ஜாமீன்ல கையெழுத்துப் போடுவேன்? நீங்க ஒரு கோட்டுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு அவன் வீட்டுல இருப்பான். யோசிங்க."

யோசித்தாள். வேறென்ன செய்தாள் அன்று முழுக்க? அறைக்குள் நடந்தாள், உட்கார்ந்தாள், பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றினாள். உடன்பட்டால் அந்த மனிதர் ஒரு பிள்ளையைக் கொன்றவராகவே வெளியே போவார், இனி யாரும் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். மாறுபட்டால் நிரபராதி என்ற அவளுடைய வார்த்தையை வைத்துக்கொண்டு கம்பிக்குள் இருப்பார். அதைவிடவும் உறுத்தியது இன்னொன்று. இத்தனை துடிப்பும் அவருக்காகவா, தன் பெயரில் ஒரு தீர்ப்பு வரவேண்டும் என்பதற்காகவா? வெட்கமாக இருந்தது.

மறுநாள் மன்றத்தில் கூட்டம் அதிகமில்லை. பின் வரிசையில் காவலருக்குப் பக்கத்தில் ஓட்டுநர், அவரை ஒட்டினாற்போல் மனைவி. மூத்தவர் வாசிக்கத் தொண்டையைச் செருமியபோது அவள் முந்திக்கொண்டாள். அந்த மன்றத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஓட்டுநரின் வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"வக்கீல் சார், வாதத்தை முடிக்கும்போது கடைசியா ஒரு வரி சொன்னீங்க. விடுதலை இல்லேன்னா தண்டனையையாவது குறைங்கன்னு."

"எல்லா அப்பீல்லயும் சொல்றதுதானுங்க." வக்கீல் அசடு வழிந்தார்.

"எங்களுக்குள்ள கருத்து ஒத்துப்போகலைன்னு வச்சுக்குங்க. மூணாவது ஜட்ஜ்கிட்ட போய் மாசக்கணக்காகும், அவர் உள்ளதான் இருக்கணும். குற்றத்தை ஏத்துக்கிட்டா இன்னைக்கே வீடு. எது வேணும்னு அவரைக் கேட்டுட்டு வாங்க."

மூத்தவர் திரும்பிப் பார்த்தார், ஆனால் வெட்டவில்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இனி பாரம் தன்னுடையதில்லை.

பின்னால் மூவரும் குசுகுசுவென்று பேசினார்கள். மனைவியின் குரல் மட்டும் ஒருமுறை உயர்ந்து அடங்கியது. வக்கீல் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார்.

"அம்மா, அவர் விடமாட்டேங்கிறார். எவ்வளவு நாளானாலும் சரி, நான் கொல்லலைன்னு ஒருத்தர் எழுதட்டும்ங்கிறார். ஆனா..." தயங்கினார். "அவர் வீட்டுல ஒத்துக்கலை. எழுதி என்ன பண்ண, பிள்ளைங்க அப்பா முகமே மறந்துடுச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கன்னு அழுவுறாங்க."

சட்டத்துக்கு ஓட்டுநரின் பதில் போதும். மனைவியின் பதிலை எங்கே பதிவு செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. மூத்தவர் தன் தீர்ப்பை வாசித்து முடித்து அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தார். "இன்னும் நேரம் இருக்கும்மா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் பேனாவை எடுத்து அந்த ஒற்றைச் சொல்லின்மேல் கோடு இழுத்தாள். தன்னுடைய தாள்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். ஓட்டுநர் எழுந்து நின்று கைகட்டிக் கேட்டார், ஒவ்வொரு வரிக்கும் அவர் தலை நிமிர்ந்துகொண்டே வந்தது. பக்கத்தில் மனைவி நிமிரவே இல்லை. இன்று வந்துவிடுவார் என்று கொண்டுவந்திருந்த சட்டையைப் பையிலிருந்து எடுத்து மடியில் விரித்து, கசங்கின காலரை விரலால் நீவினாள். பிறகு சட்டையின் இரண்டு கைகளையும் உள்ளே மடக்கி, பொத்தான் மேலே வரும்படி சின்னதாக மடிக்கத் தொடங்கினாள்.